நிறம் மாறிய ஸ்டாம்ப்: அதிர்ஷ்டமா, வெயிலா?

மணவாள நகரில் ஒரு வீட்டைக் காலி செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரணிலிருந்து தாத்தாவின் ஸ்டாம்ப் ஆல்பம் இறங்குகிறது. பச்சையாக இருக்க வேண்டிய ஸ்டாம்ப் ஒன்று அதில் நீலமாக இருக்கிறது. பேரன் அதைப் போனில் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறான். ஐந்தே நிமிடத்தில் "எரர் ஸ்டாம்ப் தம்பி, லட்சக்கணக்குல போகும்" என்று ஒருவர் பதில் போடுகிறார். அன்று ராத்திரி அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. அவன் கல்லூரி ஃபீஸ் கட்ட வேண்டிய மாதமாகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

லட்சம் கிடைக்குமா? பெரும்பாலும் கிடைக்காது. வெயில் படும் டீக்கடைச் சுவரில் ஒட்டிய சினிமா போஸ்டரை நினைத்துப் பாருங்கள். மஞ்சளும் சிவப்பும் முதலில் வெளுத்துவிடும். சில மாதங்களில் ஹீரோ முகமே நீலமாகிவிடும். ஸ்டாம்பிலும் இதே கதைதான். மஞ்சளும் நீலமும் கலந்த பச்சையில் மஞ்சள் போய்விட்டால் மிச்சம் இருப்பது நீலம். இப்படிப் பிற்பாடு நிறம் மாறியதை சேகரிப்பாளர்கள் 'சேஞ்ச்லிங்' என்பார்கள். அதற்கு விலை கிடையாது. நல்ல நிலையில் இருந்தால் கிடைத்திருக்கும் விலையும் போய்விடும்.

உண்மையான நிறப் பிழையும் உலகத்தில் உண்டு. அது அச்சகத்திலேயே பிறந்திருக்க வேண்டும். அதனால் வித்தியாசமான நிறத்தில் ஒரு ஸ்டாம்பைப் பார்த்தால், அச்சகத்தில் இது எப்படி நடந்திருக்க முடியும் என்று முதலில் கேட்க வேண்டும்.

ஸ்வீடன் 1855-ல் வெளியிட்ட மூன்று ஸ்கில்லிங் ஸ்டாம்பின் நிறம் நீலம் கலந்த பச்சை. அதில் ஒன்று மட்டும் மஞ்சளாகக் கிடைத்தது. 1886 வாக்கில் ஒரு பள்ளிச் சிறுவன் பாட்டி வீட்டில் அதைக் கண்டெடுத்து, ஏழு குரோனருக்கு ஒரு வியாபாரியிடம் விற்றுவிட்டான். 1996-ல் ஸூரிக் ஏலத்தில் அதே ஸ்டாம்ப் 28 லட்சம் சுவிஸ் ஃப்ராங்குக்கு மேல் போனது. ஏன் இந்த விலை? எட்டு ஸ்கில்லிங் ஸ்டாம்புக்கு மஞ்சள் மை. அந்தத் தகட்டில் மூன்று ஸ்கில்லிங் அச்சு ஒன்று தவறுதலாகச் சேர்ந்துவிட்டது என்பதுதான் சொல்லப்படும் காரணம். அச்சகத்தில் நடக்கக்கூடிய விஷயம்தானே! அப்படியும் 1970-களில் இது போலி என்று பேச்சு கிளம்பியது. ஆய்வுக்கு அனுப்பி, அசல் என்று முடிவானது.

நம் நாட்டிலும் நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. 1854-ல் கல்கத்தா சர்வே அலுவலகத்தில் கேப்டன் துய்லியர் அரை அணா ஸ்டாம்பை முதலில் சிவப்பில் அச்சிட்டார். இங்கிலாந்திலிருந்து வந்த சிவப்பு மை தீர்ந்துபோனது. உள்ளூர் சிவப்பைப் போட்டால் அச்சுக்கல்லே கெட்டது. ஆகவே அரை அணா நீலத்துக்கு மாறியது. அந்தச் சிவப்பு தபால் நிலையத்தில் விற்பனைக்கு வரவே இல்லை.

நீலத்திலும் ஒரே நீலம் கிடையாது. வெளிர் நீலம் முதல் இண்டிகோ வரை அட்டவணைகளில் தனித்தனியாகவே போட்டிருக்கிறார்கள். வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது இரண்டாவது டின்னில் ஷேடு லேசாக மாறுகிறதே, அதே மாதிரிதான். அடுத்த முறை மை கலக்கும்போது நிறம் கொஞ்சம் நகரும். இவை நேர்மையான ஷேடுகள். அந்தத் தடவை அச்சான தாள்களிலெல்லாம் அதே ஷேடுதான் இருக்கும்.

ஒரு நிறமே விட்டுப்போன ஸ்டாம்ப் எப்படி வருகிறது? அதே 1854-ன் நான்கு அணாவில் சட்டம் சிவப்பு, ராணியின் தலை நீலம். தாள் இரண்டு தடவை அச்சுக்குப் போகும். இரண்டாம் தடவை தாளைத் திருப்பி வைத்ததில் சில ஸ்டாம்புகளில் தலை தலைகீழானது. இப்படி நிறத்துக்கு ஒரு தடவை அச்சாகும் எந்த ஸ்டாம்பிலும், ஒரு தடவை தவறினால் அந்த நிறம் விட்டுப்போகும்.

அந்த மாதிரி ஸ்டாம்பில் விட்டுப்போன நிறத்தின் ஒரு புள்ளிகூட இருக்காது. மற்ற நிறங்கள் முழு அழுத்தத்தோடு இருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். மஞ்சள் துணுக்கு எங்காவது ஒட்டியிருந்தால் வெளுத்த ஸ்டாம்ப் என்று சந்தேகப்படலாம். பக்கத்து ஸ்டாம்ப் மறைத்திருந்த மூலையில் மட்டும் பழைய நிறம் இருந்தால் சந்தேகமே வேண்டாம், வெயில்தான். முத்திரை மை வெளிறிப்போயிருந்தாலோ, தாளே நிறம் மாறியிருந்தாலோ யாரோ எதிலோ ஊற வைத்திருக்கலாம். ரூபாய் நோட்டைச் சோதிக்கும் புறஊதா டார்ச் இருந்தால், நல்ல ஸ்டாம்ப் ஒன்றைப் பக்கத்தில் வைத்து அடித்துப் பாருங்கள். மருந்து பட்ட தாள் பல நேரம் வேறு மாதிரி ஒளிரும்.

ஆரஞ்சு ஸ்டாம்ப் பழுப்பாகக் கறுத்திருந்தால் அது வேறு வியாதி. சில பழைய மைகளில் ஈயம் உண்டு. காற்றிலுள்ள கந்தக வாயு பட்டால் அது கறுக்கும். 'ஆக்ஸிடைஸ்டு' என்று சொல்லி விற்பார்கள். அந்தப் பெயரே தப்பு. ரப்பர் பேண்டிலும் கந்தகம் இருக்கிறது. ஆல்பத்துக்கு ரப்பர் பேண்ட் போட்டு வைக்கும் பழக்கத்தை இன்றே விட்டுவிடலாம்.

மலேயாவிலிருந்து தாத்தா எழுதிய கடிதங்கள் வீட்டில் இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. அந்தக் கால பிரிட்டிஷ் காலனி ஸ்டாம்புகள் பலவற்றில் ஊதாவுக்கும் பச்சைக்கும் வேண்டுமென்றே தண்ணீரில் கரையும் மையைப் போட்டார்கள். முத்திரையைக் கழுவிவிட்டு மறுபடி ஒட்டும் கில்லாடிகளுக்காக! கிண்ணத்தில் ஊற வைத்தால் அரை மணியில் நீங்களே ஒரு சேஞ்ச்லிங் தயாரித்துவிடுவீர்கள். கவரோடு அப்படியே விட்டுவிடுங்கள். முத்திரையும் முகவரியும் சேர்ந்த முழுக் கவருக்கு மதிப்பு பல நேரம் கூடுதல்.

போன் கேமரா நிறத்தைத் தானாகவே சரிசெய்துவிடும். டியூப் லைட்டில் ஒரு நீலம், ஜன்னல் ஓரத்தில் இன்னொரு நீலம். படத்தைப் பார்த்து எரர் என்று அடித்துச் சொல்பவரையும் நம்ப வேண்டாம், படத்தைப் பார்த்து ஐயாயிரம் அனுப்பவும் வேண்டாம். முதலில் அதே ஸ்டாம்பின் சாதாரணப் பிரதி ஒன்றைச் சில ரூபாய்க்கு வாங்கி, பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும் பேரன். அதற்குப் பிறகும் சந்தேகம் நிற்குமானால், லண்டன் ராயல் பிலாடெலிக் சொசைட்டி போன்ற நிபுணர் குழுக்கள் ஆராய்ந்து சான்றிதழ் தருகின்றன. அதற்குக் கட்டணம் உண்டு; லென்ஸ் சோதனையில் தேறாத ஸ்டாம்புக்கு அதைக் கட்டுவது வீண் செலவு.