பரண்ல கிடக்கு 500 ஜி.பி.!

உங்க வீட்டுப் பரண்ல, இல்லேன்னா பீரோவுக்கு மேல, உயிர் போன லேப்டாப் ஒண்ணு தூங்கிட்டு இருக்கா? அக்காவுக்கு பிளஸ் டூ-வுல கவர்மென்ட் குடுத்தது, அப்பா ஆபீஸுக்குத் தூக்கிட்டுப் போனது, இல்ல மாமா 'இனிமே இது உனக்குத்தான்டா'ன்னு தள்ளிவிட்டதுன்னு ஏதோ ஒண்ணு. திரை உடைஞ்சிருக்கும், பேட்டரி உப்பியிருக்கும், கீ-போர்டுல பாதி எழுத்து காணாமப் போயிருக்கும். ஆனா, உள்ளே இருக்கிற ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கும் பாஸ்!

2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட்டை மைக்ரோசாஃப்ட் நிறுத்திடுச்சு. 'இது பழசு, வேற வாங்கு'ன்னு ஓரங்கட்டின மெஷின்கள் இப்போ இன்னும் ஜாஸ்தி. உங்க புது லேப்டாப்ல இருக்கிறதோ 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ரெண்டு கேம், ஒரு கேட் சாஃப்ட்வேர் போட்டாலே மூச்சு முட்டுது. அந்தப் பழைய டிஸ்க்கைக் கழட்டி, ஃபார்மேட் பண்ணி, எக்ஸ்ட்ரா குடோனா வெச்சுக்கிட்டா எப்படி? சூப்பரா இருக்கும். ஆனா அதுக்கு ஒரு வரிசை இருக்கு. அதை மாத்திப் பண்ணினா பாட்டியோட கடைசி போட்டோ கூடப் போயிடும். வாங்க, ஒவ்வொண்ணா பார்ப்போம்.

முதல்ல ஆள் யாருன்னு பாருங்க!

லேப்டாப்பை ஆஃப் பண்ணி, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியையும் கழட்டிட்டு அப்புறமா ஸ்க்ரூ டிரைவரைத் தொடுங்க. பேட்டரி உப்பியிருந்தா அழுத்தவோ நெம்பவோ கூடாது, சர்வீஸ்காரர்கிட்ட விட்டுடுங்க. உள்ளே இருந்து வர்ற டிஸ்க் உள்ளங்கை அளவுல இருந்தா அது 2.5 இன்ச். டெஸ்க்டாப்ல இருந்து வந்த தடிமாடு 3.5 இன்ச். சின்னதுக்கு 5 வோல்ட் போதும், யு.எஸ்.பி. வயர்லயே கரன்ட் வாங்கிக்கும். பெருசுக்கு 12 வோல்ட்டும் வேணும். அதனால தனி பவர் அடாப்டரோட வர்ற கேஸிங்தான் வாங்கணும். இது தெரியாம சின்ன கேபிளை வாங்கிட்டு வந்து, 'டிஸ்க் செத்துப்போச்சு'ன்னு முடிவு கட்டுறவங்க நிறைய பேர்.

அடுத்தது கனெக்டர். தட்டையா 'எல்' ஷேப் பள்ளம் இருந்தா சாட்டா. 2003 வாக்குல கடைக்கு வந்த இதுக்கு, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல எந்தக் கடையில கேட்டாலும் கேஸிங் கிடைக்கும். வரிசையா ஊசி ஊசியா பின் நீட்டிட்டு இருந்தா அது ஐ.டி.இ. அதுக்குத் தனி கன்வெர்ட்டர் வேணும். அதுக்குள்ளே 40 ஜி.பி., 80 ஜி.பி.தான் இருக்கும்னா, உள்ளே இருக்கிறதை மட்டும் காப்பி எடுத்துட்டு அதுக்கு ரிட்டயர்மென்ட் குடுத்துடுங்க. செலவு கட்டாது.

டாக்டர் செக்கப்

டிஸ்க்கை மாட்டின உடனே ஃபார்மேட்டுக்குப் பாயாதீங்க. ஹார்டு டிஸ்க்குக்குள்ளே சுத்துற தட்டுக்கு மேல, சில நானோமீட்டர் உசரத்துல ஹெட் பறந்துட்டு இருக்கு. 'டிக்... டிக்... டிக்...'னு திரும்பத் திரும்பச் சத்தம் வந்தா உடனே கரன்ட்டை நிறுத்துங்க. உள்ளே முக்கியமான ஃபைல் இருந்தா, இனிமே அது டேட்டா ரெக்கவரி பண்றவங்க வேலை. நீங்க மறுபடி மறுபடி ஆன் பண்ணினா இருக்கிற கொஞ்ச உசிரும் போயிடும்.

சத்தம் இல்லையா? சந்தோஷம். டிஸ்க் தன்னைப் பத்தித் தானே ஒரு டைரி எழுதிட்டு வரும், அதுக்குப் பேரு 'ஸ்மார்ட்'. விண்டோஸ்ல 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ'ங்கிற இலவச சாஃப்ட்வேர் அதைப் படிச்சுச் சொல்லும். லினக்ஸ்காரங்களுக்கு 'டிஸ்க்ஸ்' அப்ளிகேஷன் போதும். அந்த லிஸ்ட்ல 3 வரியை மட்டும் பாருங்க: 'ரீஅலோகேட்டட் செக்டார்', 'கரன்ட் பெண்டிங் செக்டார்', 'அன்கரெக்டபிள் செக்டார்'. மூணும் சைபரா இருந்தா ஜம்முனு இருக்கு. சைபர் இல்லைனாலும், எண் மாறாம நின்னா அவசரத்துக்கு வெச்சுக்கலாம். வாரா வாரம் ஏறிட்டே போனா? இந்த டிஸ்க் உங்ககிட்ட டாட்டா சொல்லிட்டு இருக்குன்னு அர்த்தம். ஃபார்மேட் பண்ணினா நோய் சரியாகிடும்னு நினைக்காதீங்க மக்கா. வெள்ளையடிச்சா விரிசல் போயிடுமா என்ன?

அழிக்கறதுக்கு முன்னாடி அம்மாகிட்ட கேளுங்க

சீரியஸா சொல்றேன், கேளுங்க. 'அதுல ஒண்ணும் இல்லடா'ன்னு நீங்க நினைக்கிற டிஸ்க்லதான் அக்கா நிச்சயதார்த்த வீடியோ இருக்கும். 2010 வாக்குல எடுத்த போட்டோக்களுக்கு கூகுள் போட்டோஸ்லயோ வாட்ஸ்அப்லயோ காப்பி கிடையாது. டிஜிட்டல் கேமராவுல எடுத்து நேரா கம்ப்யூட்டர்ல கொட்டினதோட சரி.

'யூஸர்ஸ்' ஃபோல்டருக்குள்ளே போய் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் நாலையும் அள்ளுங்க. 'அனுமதி இல்லை'ன்னு விண்டோஸ் கேட்டைப் போட்டா, 'கன்டினியூ' தட்டினா பெரும்பாலும் திறந்துடும். அப்புறம் யாருமே சொல்லாத ஒரு மேட்டர்: பழைய டிஸ்க்ல தமிழ்ல டைப் பண்ணின ஃபைல் இருந்தா, விண்டோஸ் ஃபோல்டருக்குள்ளே இருக்கிற 'ஃபான்ட்ஸ்' ஃபோல்டரையும் சேர்த்து காப்பி பண்ணிடுங்க. யூனிகோட் பரவுறதுக்கு முன்னாடி பாமினி மாதிரி ஃபான்ட்ல அடிச்ச ஃபைல், அந்த ஃபான்ட் இல்லாத மெஷின்ல திறந்தா ஆங்கில எழுத்துக் குப்பையாத்தான் தெரியும். அப்பா எழுதி வெச்ச கவிதைனாலும் சரி, சங்கத்துக் கணக்குனாலும் சரி, அதே கதிதான்.

இன்னொரு கண்ணி வெடியும் இருக்கு. தமிழக அரசு 2011-ல குடுக்க ஆரம்பிச்ச இலவச லேப்டாப்கள் பலதுல விண்டோஸோட 'பாஸ்' லினக்ஸும் சேர்ந்தே வந்துச்சு. அந்த லினக்ஸ் பகுதியை விண்டோஸால படிக்க முடியாது. டிஸ்க்கை மாட்டின உடனே, 'ஃபார்மேட் பண்ணினாத்தான் இதை யூஸ் பண்ண முடியும், பண்ணட்டுமா?'ன்னு அப்பாவி மாதிரி கேட்கும். கை தானா 'யெஸ்'ஸுக்குப் போகும். போகவிடாதீங்க! விண்டோஸுக்குப் புரியலைங்கிறதுக்காக அங்கே ஒண்ணுமே இல்லைனு ஆயிடாது. ஒரு பென் டிரைவ்ல உபுண்டு போட்டு அதுல பூட் பண்ணிப் பாருங்க, உள்ளே இருக்கிற ஃபைல் எல்லாம் தெரியும்.

எந்த டிஸ்க்? மூணு தடவை பாருங்க!

விண்டோஸ்ல 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறந்தா உங்க மெஷின்ல இருக்கிற எல்லா டிஸ்க்கும் பெட்டி பெட்டியா வரும். டிரைவ் எழுத்தை நம்பி எதையும் அழிக்காதீங்க. மாட்டுற வரிசையைப் பொறுத்து 'இ', 'எஃப்' எல்லாம் இடம் மாறும். டிஸ்க்கோட அளவையும் மாடல் பேரையும் பார்த்து உறுதி பண்ணுங்க. வேற பென் டிரைவ், எக்ஸ்டர்னல் டிஸ்க் எதுவும் சொருகி இருந்தா முதல்ல உருவிடுங்க.

பழைய விண்டோஸ் இருந்த டிஸ்க்ல குட்டிக் குட்டியா ரெண்டு மூணு பார்ட்டிஷன் இருக்கும். 'டெலிட்' ஆப்ஷனே வராது. அப்போ 'டிஸ்க்பார்ட்'டைக் கூப்பிடணும். 'லிஸ்ட் டிஸ்க்' போட்டா நம்பரோட வரிசை வரும். 'செலக்ட் டிஸ்க்' போட்டு சரியான நம்பரைக் குடுத்து, 'க்ளீன்' அடிச்சா மொத்த பார்ட்டிஷனும் காலி. 'நிச்சயமாவா?'ன்னு ஒரு வார்த்தை கூடக் கேட்காது. அதனால என்டர் தட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை மூச்சு விட்டுக்கோங்க.

அழிஞ்சது நிஜமா அழிஞ்சதா?

எங்க ஹாஸ்டல்ல ஒரு ஃப்ரெண்ட் செகண்ட் ஹேண்ட்ல 250 ஜி.பி. டிஸ்க் ஒண்ணு வாங்கினான். 'ஃபார்மேட் பண்ணிட்டேன் தம்பி, பளிச்சுனு இருக்கு'ன்னாராம் கடைக்காரர். பளிச்சுன்னுதான் இருந்துச்சு. சும்மா பார்ப்போமேன்னு 'போட்டோரெக்'ங்கிற இலவச சாஃப்ட்வேரை ஓடவிட்டோம். 10 நிமிஷத்துல திரையில ஒரு குழந்தையோட முதல் பிறந்த நாள். அடுத்து யாரோ ஒருத்தரோட மார்க் ஷீட், பேங்க் பாஸ்புக். அதுக்கு மேல பார்க்க யாருக்கும் மனசு வரலை. நிறுத்திட்டோம். நாங்க நிறுத்திட்டோம்... எல்லாரும் நிறுத்துவாங்களா?

இது ஏதோ அபூர்வமா நடக்கிற விஷயம் இல்லை. அமெரிக்காவுல எம்.ஐ.டி-யில படிச்சுட்டு இருந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாத்னு ரெண்டு மாணவர்கள், 158 பழைய டிஸ்க்கை விலைக்கு வாங்கித் துழாவி 2003-ல கட்டுரை வெளியிட்டாங்க. ஓடின டிஸ்க்குகள் 129. அதுல முறையா அழிக்கப்பட்டிருந்தது வெறும் 12! மத்ததுல கிரெடிட் கார்டு எண், மருத்துவ விவரம், சொந்தக் கடிதம்னு எல்லாம் சிக்கிச்சு.

காரணம் சிம்பிள். 'க்விக் ஃபார்மேட்'ங்கிறது புத்தகத்தோட பொருளடக்கத்தை மட்டும் கிழிக்கிற வேலை. உள் பக்கங்கள் அப்படியே இருக்கும். அந்த 'க்விக்' டிக்கை எடுத்துட்டு முழு ஃபார்மேட் குடுத்தா, விண்டோஸ் விஸ்டாவுல இருந்து டிஸ்க் முழுக்க சைபரை எழுதுது. எக்ஸ்.பி.யில முழு ஃபார்மேட்டே குடுத்தாலும் கெட்டுப்போன இடத்தைத் தேடுமே தவிர, அழிக்காது. பல பார்ட்டிஷன் இருந்த டிஸ்க்னா டிஸ்க்பார்ட்ல 'க்ளீன் ஆல்' குடுங்க, மூலை முடுக்கு விடாம சைபர் எழுதும்.

'ஏழு தடவை அழிச்சாத்தான் போகும்'னு சீனியர் யாராவது சொன்னா சிரிச்சுட்டுப் போங்க. 2001-க்கு அப்புறம் வந்த 15 ஜி.பி-க்கு மேற்பட்ட டிஸ்க்குக்கு ஒரு தடவை மேலெழுதினாலே போதும்னு அமெரிக்காவோட நிஸ்ட் அமைப்பு 2006-லயே வழிகாட்டியில சொல்லிடுச்சு. நேரம்தான் ஆகும். நல்ல சாட்டா கனெக்‌ஷன்ல செகண்டுக்கு 100 எம்.பி. ஓடினா 500 ஜி.பி-க்கு ஒண்ணரை மணி நேரம் போதும். பழைய யு.எஸ்.பி. 2.0 கேஸிங்ல 30 எம்.பி-தான் வருதுன்னா நாலரை மணி நேரத்துக்கும் மேல. ராத்திரி போட்டுட்டுத் தூங்கிடுங்க. ஒரு விஷயம்... இதெல்லாம் சுத்துற டிஸ்க்குக்கு மட்டும்தான். எஸ்.எஸ்.டி-க்கு அதோட கம்பெனி தர்ற 'செக்யூர் எரேஸ்'தான் சரி.

டிஸ்க்கை நாமே வெச்சுக்கப்போறோம்னாலும் முழு ஃபார்மேட்டே பண்ணிடுங்க. கெட்டுப்போன செக்டார் இருந்தா அப்பவே பல்லைக் காட்டிடும். முடிஞ்சதும் 'ஸ்மார்ட்' எண்களை மறுபடி ஒரு பார்வை பாருங்க.

எந்த ஃபார்மேட்?

★ விண்டோஸ் மெஷினுக்குள்ளேயே நிரந்தரமா மாட்டப்போறீங்களா? என்.டி.எஃப்.எஸ். கண்ணை மூடிட்டுப் போடலாம்.

★ விண்டோஸ், மேக், லினக்ஸ்னு நாலு இடத்துக்குத் தூக்கிட்டு அலையப்போறீங்களா? எக்ஸ்ஃபேட். மேக், என்.டி.எஃப்.எஸ்-ஸைப் படிக்கும், ஆனா தானா எழுதாது. ஒரு எச்சரிக்கை: எக்ஸ்ஃபேட்ல ஜர்னலிங் கிடையாது. எழுதிட்டு இருக்கும்போது வயரைப் பிடுங்கினா ஃபைல் சிதையலாம். 'இஜெக்ட்' பண்ணிட்டே எடுங்க.

★ ஃபேட்32 வேண்டவே வேண்டாம். ஒரு ஃபைல் 4 ஜி.பி-யைத் தொட்டாலே கையை விரிச்சுடும்.

★ 'எம்.பி.ஆரா, ஜி.பி.டி-யா?'ன்னு கேட்டா ஜி.பி.டி. பழைய டி.வி., எக்ஸ்.பி. மெஷின்ல எல்லாம் சொருகணும்னா மட்டும் எம்.பி.ஆர். அதுல 2 டி.பி. வரைக்கும்தான் கணக்கு.

எல்லாம் முடிஞ்சு பார்த்தா 500 ஜி.பி-க்கு 465-தான் காட்டும். 'மீதி எங்கடா?'ன்னு டென்ஷன் ஆகாதீங்க. கம்பெனி ஆயிரத்தால கணக்குப் போடுது, விண்டோஸ் 1,024-ஆல வகுக்குது. யாரும் திருடலை!

கடைசியா ஒரு கண்டிஷன்

இந்த டிஸ்க்ல சினிமா, கேம் செட்-அப், லெக்சர் வீடியோ, செமஸ்டர் நோட்ஸோட ரெண்டாவது காப்பி... எது வேணா வைங்க. ஆனா ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டோட ஒரே காப்பியை வைக்காதீங்க. 10 வருஷம் ஓடின டிஸ்க் நாளைக்குக் காலையிலயும் ஓடும்னு யாராலயும் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. 'இங்கே போனாலும் வேற இடத்துல இருக்கு'ன்னு சொல்ல முடியுற ஃபைல் மட்டும்தான் இங்கே வரணும். எக்ஸ்ட்ரா இடம் வேற, பேக்-அப் வேற. ஃபைலை இங்கே மாத்திட்டு அங்கே அழிச்சீங்கன்னா அது பேக்-அப் இல்லை, வீடு மாத்தினது!

இந்த ஞாயித்துக்கிழமை பரண்ல ஏறுங்க. முதல்ல செக்கப், அப்புறம் காப்பி, அதுக்கப்புறம்தான் அழிக்கிற வேலை. அந்த நிச்சயதார்த்த வீடியோ கிடைச்சா அக்காவுக்கு அனுப்பி வைங்க. ட்ரீட் நிச்சயம்!

குட்டிப் பெட்டி: உலகத்தோட முதல் ஹார்டு டிஸ்க்கை ஐ.பி.எம். 1956-ல கொண்டு வந்துச்சு. ராமாக் கம்ப்யூட்டருக்காக வந்த அதுல 24 இன்ச் அகலத்துல 50 தட்டு, எடை ஒரு டன்னுக்கு மேல. கொள்ளளவு? சுமார் 50 லட்சம் எழுத்து. இப்போ நம்ம ஃபோன்ல எடுக்கிற ஒரு செல்ஃபிக்கே அது பத்தாம போகலாம்!