எல்லோரும் ரவுடி என்றால் பஸ்ஸில் ஏறுவது யார்?

காலையில் என்னோடு நடக்க வரும் நண்பர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் விளையாட்டு பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று ஆரம்பித்தால் நான் உங்கள் கட்சி இல்லை. பணம் கட்டி ஆடும் ஆட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடுத்தது, நல்லது. என் பேரன் ஆடுவது அது அல்ல, வேஷம் கட்டும் ஆட்டம். வேஷம் கட்டுவதைக் குறை சொல்ல விழுப்புரம் மாவட்டத்துக்காரன் எவனுக்கும் வாய் கிடையாது. திரௌபதி அம்மன் கோயில் வாசலில் விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம்.

என் சண்டை வேறு. இந்தப் பிள்ளைகள் வேஷத்தை அரைகுறையாகக் கட்டுகிறார்கள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஜி.டி.ஏ. ஐந்து என்று 2013-ல் வந்த விளையாட்டு. கார் திருடு, சுடு, ஓடு, அவ்வளவுதான். அதை ஃபைவ் எம் என்ற மென்பொருளை வைத்து ஓர் ஊராக மாற்றிக்கொள்கிறார்கள். ஒருவன் போலீஸ், ஒருவன் டாக்டர், ஒருவன் மெக்கானிக். அவரவர் வீட்டிலிருந்து மைக்கில் பேசிக்கொள்கிறார்கள். தமிழிலேயே பேசி நடத்தும் ஊர்களும் உண்டு. பல ஊர்களில் நுழைவதற்கு முன் ‘நீ யார், உன் கதை என்ன’ என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

பேரன் எழுதியதைப் படித்தேன். சின்ன வயதில் அப்பா அம்மாவைக் கொன்றுவிட்டார்களாம், பழி வாங்க வந்திருக்கிறானாம். கூட்டாளிகள் ஐந்து பேர் எழுதியதையும் காட்டினான். ஐந்து பேருக்கும் அப்பா அம்மா இல்லை. ஒரே ஊரில் இத்தனை அநாதைகளா? பெற்றவர்கள் உயிரோடு இருந்தால் ‘சாப்பிட வாடா’ என்று கூப்பிடுவார்கள், ரவுடித்தனம் கெட்டுவிடும் என்று பயம் போலிருக்கிறது.

பேச்சு அதைவிட மோசம். ‘இன்னாபா, வந்துகினு இருக்கேன்’ என்று வீட்டில் பேசும் திண்டிவனத்து வாய், மைக்கைத் தொட்டதும் மதுரைக்கு ஓடிவிடுகிறது. அதுவும் சினிமா மதுரை.

நான் தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் என்று பெயர் இருந்த காலத்தில் கண்டக்டராகச் சேர்ந்தவன். செஞ்சிப் பக்கம் ஒரு கிராமத்தில் நைட் ஹால்ட். சித்திரை, வைகாசியில் பஸ்ஸில் படுத்தால் மத்தளமும் முகவீணையும் தூங்க விடாது. எழுந்து போய் உட்கார்ந்துவிடுவேன். கூத்தில் பெரிய வேஷக்காரன் சடாரென்று வந்து நிற்க மாட்டான். இரண்டு பேர் திரையைப் பிடிப்பார்கள், பின்னாலிருந்து பாட்டு வரும். கட்டியக்காரன் கேட்பான்: ஐயா தாங்கள் யார், எந்த நாடு, எதற்காக வந்தீர்? துரியோதனனே ஆனாலும் பதில் சொல்லியாக வேண்டும். நடுவில் கிண்டல் வேறு செய்வான். அந்தக் கிண்டலைத் தாங்கி நிற்கிற வேஷம்தான் ராஜா. இந்தப் பிள்ளைகளின் ராஜாக்கள் ஒரு சிரிப்புக்குத் தாங்க மாட்டார்கள், துப்பாக்கியை எடுத்துவிடுவார்கள்.

கர்ண மோட்சம் பார்த்திருப்பீர்கள். கர்ணன் வில்லாளி என்பதற்காகவா அழுதோம்? போருக்குப் போகிறவன் பொன்னுருவியிடம் விடைபெற வந்து நிற்கிறானே, பிறப்பைச் சொல்லி அவள் குத்துகிறாளே, அங்கேதான் அழுதோம். கர்ணன் யார் பிள்ளை என்பது பொன்னுருவி வேஷம் கட்டியவனுக்குப் பொட்டு வைக்கும்போதே தெரியும். ஆனால் பொன்னுருவிக்குத் தெரியாது. தெரியாமலேதான் குத்தினாள். இவர்களோ மானிட்டரில் பார்த்த பெயரைச் சொல்லி, முன்பின் அறியாதவனை நடுரோட்டில் கூப்பிடுகிறார்கள்.

“பழி வாங்குறத விடுடா, என் வேலையை எடுத்துக்கோ” என்றேன்.

“கண்டக்டரா? அவன் என்ன தாத்தா பண்ணுவான்?”

சொன்னேன். முதல் டிரிப்பில் எல்லோரும் நூறு ரூபாயை நீட்டுவார்கள். பாக்கியை டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுப்பேன். மறந்து இறங்கிப் போகும் கிழவியைக் கூப்பிட்டுக் கொடுத்ததும் உண்டு, கூப்பிடாமல் விசில் அடித்ததும் உண்டு. அடுத்த ஸ்டேஜுக்குள் டிக்கெட் போட்டு முடிக்க வேண்டும். செக்கிங் ஏறினால் டிக்கெட் இல்லாதவனுக்கு அபராதம், எனக்கு மெமோ. பையில் பணம் குறைந்தால் கைக்காசு, கூடினால் குற்றம்.

“பயமா இருக்குமா தாத்தா?”

“தினமும்.”

இதை அவன் பாட்டியிடம்கூட நான் சொன்னதில்லை.

மூன்று நாள் சாயங்காலம் பேரன் அந்த ஊரில் பஸ் விட்டான். இன்னொரு பையன் டிரைவர். “உள்ள போ, உள்ள போ, படில நிக்காத” என்று மைக்கில் என் குரலே கேட்டது. ஆள் ஏறினார்கள் ஐயா! ஒருத்தன் சில்லறைக்குச் சண்டை போட்டான், ஒருத்தன் தூங்கிப்போய் ஸ்டாப்பைத் தாண்டிவிட்டான். நாலாவது நாள் ஒரு கோஷ்டி காரில் வந்து பஸ்ஸை இடித்து, டிரைவரைச் சுட்டு, “காமெடி பீஸு” என்று சிரித்துவிட்டுப் போனது. துப்பாக்கியைக் கண்டால் உயிருக்குப் பயப்பட வேண்டும் என்று அங்கே விதி இருக்கிறதாம். பேரன் கையைத் தூக்கிக்கொண்டுதான் நின்றான். பதிலுக்கு அவர்களுக்கு என்ன விதி? புகார் செய்தால் வீடியோ கேட்டார்கள். பையன் லேப்டாப்பை மூடிவிட்டான். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்தக் கோஷ்டித் தம்பிகளைக் கேட்கிறேன். பஸ்ஸும் டீக்கடையும் இல்லாத ஊரில் உங்கள் ரவுடியைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? பயப்பட ஒருவன் வேண்டும், அவன் பயத்தை ஒழுங்காக நடிக்க வேண்டும், அப்போதுதான் நீங்கள் ரவுடி. அந்தப் பையன்தான் உங்கள் வேஷத்துக்குத் திரை பிடித்தவன். அவனையே சுட்டுவிட்டீர்கள்.

நிஜ ரவுடி எப்படி இருப்பான் என்று என்னைக் கேளுங்கள். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஒருத்தன் இருந்தான். என் வண்டியில் எத்தனையோ முறை ஏறியிருக்கிறான், டிக்கெட் எடுக்க மாட்டான், நானும் கேட்க மாட்டேன். அவன் அம்மா கூட வந்தால் மட்டும் முதல் ஆளாகப் பணத்தை நீட்டி, “ரெண்டு குடுங்கண்ணா” என்பான். அந்தக் குரலில் ஒரு கெஞ்சல் இருக்கும். அவளுக்குத் தெரியக்கூடாதாம். நானும் கிழித்துக் கொடுத்துவிட்டு, பாக்கியைச் சரியாக எண்ணிக் கொடுப்பேன். அந்த ஒரு டிரிப்பில் அவன் ஒரு வேஷம், நான் ஒரு வேஷம்.

இதையும் பேரனிடம் சொல்லியிருந்தேன். நேற்று ராத்திரி போன் செய்தான்.

“தாத்தா, அந்த ரவுடி அம்மாவோட எங்க எறங்குவான்?”

“கூட்டேரிப்பட்டு.”

“சரி” என்று வைத்துவிட்டான்.