காசு வாங்கினால் மாணவர் இல்லையா?

2018 மார்ச் பள்ளி விடுமுறையின் கடைசி சனிக்கிழமை. உயர்நிலை ஒன்றில் இருந்த நான், மாமா வீட்டில் பசியாறிக்கொண்டிருந்தேன். அவருடைய மடிக்கணினியில் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து ஓடிக்கொண்டிருந்தது. யுஎம்பிசி என்ற, நான் கேள்விப்பட்டே இராத ஒரு பல்கலைக்கழகம், அந்த ஆண்டின் ஆகச் சிறந்த அணியாக மதிப்பிடப்பட்ட வெர்ஜீனியாவை 74-54 என்று வீழ்த்தியது. ஆண்கள் போட்டியில் 16ஆம் நிலை அணி ஒன்று முதல்நிலை அணியை வென்றது அதுவே முதல் முறை. மாமா போட்ட கூச்சலில் அத்தை சமையலறையிலிருந்து ஓடிவந்துவிட்டார். எனக்கு அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை.

மாமா முதுநிலைப் பட்டம் படித்தது வட கரோலினா பல்கலைக்கழகத்தில். 1982ல், ஆட்டம் முடியச் சில விநாடிகளே இருந்தபோது மைக்கல் ஜோர்டன் பந்தைக் கூடைக்குள் போட்டு வெற்றியாளர் பட்டம் வாங்கித் தந்தாரே, அதே பல்கலைக்கழகம். மாமா தந்த வெளிர்நீலச் சட்டையோடுதான் ஒவ்வொரு மார்ச்சும் கழிகிறது. அங்கே இரவு ஆட்டம் என்றால் இங்கே காலை விரிவுரை. எத்தனை விரிவுரைகளில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

அறியாதவர்களுக்கு ஒரு வரி: ‘மார்ச் மேட்னஸ்’ போட்டியில் 68 அணிகள், ஒரு முறை தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அமெரிக்கக் காற்பந்து (நம் காற்பந்து அல்ல, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவது) இன்னும் பெரிது. நம் தேசிய விளையாட்டரங்கில் 55,000 பேர் உட்காரலாம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அரங்கில் 107,601 பேர்.

இப்போது மாமாவுக்கும் எனக்கும் ஓயாத வாக்குவாதம். “பையன்களுக்குக் காசு கொடுக்க ஆரம்பிச்சாங்க, எல்லாம் போச்சு” என்பது அவர் கட்சி. 2021 ஜூலையிலிருந்து கல்லூரி விளையாட்டாளர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரங்களில் சம்பாதிக்கலாம். அதே ஆண்டு, ஒரு முறை மட்டும் ஓராண்டு சும்மா உட்காராமல் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறலாம் என்று விதி வந்தது. 2024ல் அந்த ‘ஒரு முறை’ வரம்பும் போனது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதல் ஆண்டில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஏறக்குறைய 20.5 மில்லியன் அமெரிக்க டாலர் வரை.

மாமா சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2022ல் செயின்ட் பீட்டர்ஸ் என்ற சின்னஞ்சிறு நியூஜெர்சி பல்கலைக்கழகம், 15ஆம் நிலையிலிருந்து கென்டக்கியையே சாய்த்து, கடைசி எட்டு அணிகளுள் ஒன்றாக வந்தது. அதற்கு முன் 15ஆம் நிலை அணி எதுவும் அவ்வளவு தூரம் போனதில்லை. அவர்களை 69-49 என்று நிறுத்தியது எங்கள் வட கரோலினாதான். வென்றும் எனக்குப் பாதி மகிழ்ச்சிதான். சில வாரங்களில் அந்த அணி கலைந்தது. பயிற்றுவிப்பாளர் செட்டன் ஹாலுக்குப் போனார், முக்கிய ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு திசை. 2025 போட்டியின் கடைசி 16 அணிகளும் நான்கே பெரிய லீக்குகளைச் சேர்ந்தவை. ஒரு சின்ன அணிகூட இல்லை. அந்த மார்ச்சில் எனக்கே சலிப்பு தட்டியது.

ஆனால் கவனியுங்கள். பயிற்றுவிப்பாளர் போனால் ‘முன்னேற்றம்’ என்கிறோம். 20 வயது ஆட்டக்காரர் போனால் ‘துரோகம்’ என்கிறோம்.

‘மாணவர் விளையாட்டாளர்’ என்ற சொல்லே எப்படி வந்தது தெரியுமா? 1955ல் கொலராடோவில் கல்லூரிக் காற்பந்து ஆடியபோது தலையில் அடிபட்டு ஒருவர் இறந்தார். மனைவி இழப்பீடு கேட்டார். அவர் கல்லூரியின் ஊழியர் அல்ல என்று மாநில உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. இத்தகைய வழக்குகளைச் சமாளிக்கத்தான் அந்தச் சொல்லைப் புழக்கத்தில் விட்டோம் என்று, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் முன்னாள் தலைமை நிர்வாகி வால்ட்டர் பையர்ஸ் பின்னாளில் தமது புத்தகத்தில் ஒப்புக்கொண்டார். மாமா ‘பழைய தூய்மை’ என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த மனைவிதான் நினைவுக்கு வருகிறார்.

2014ல் கனெக்டிகட் பல்கலைக்கழகத்துக்கு வெற்றியாளர் பட்டம் வாங்கித் தந்த ஷபாஸ் நேப்பியர், சில இரவுகளில் பட்டினியோடு படுக்கப் போவதாகச் செய்தியாளர்களிடம் சொன்னார். அவர் ஆடிய அந்தப் போட்டியின் ஒளிபரப்பு உரிமை 14 ஆண்டுகளுக்கு 10.8 பில்லியன் டாலருக்கு விற்கப்பட்டிருந்தது.

“இலவசப் படிப்புதானே அவர்களுக்குச் சம்பளம்” என்று மாமா கேட்பார். இங்கே நான் என் சொந்த அணியைப் பற்றித்தான் பேச வேண்டும். வட கரோலினாவில் 18 ஆண்டுகளில் 3,100க்கும் மேற்பட்ட மாணவர்கள், வகுப்பே நடக்காத பாடங்களில் பெயர் பதிந்து மதிப்பெண் வாங்கியதாக 2014ல் வெளிவந்த விசாரணை அறிக்கை சொன்னது. அவற்றில் கிட்டத்தட்ட பாதி இடங்கள் விளையாட்டாளர்களுக்கு. படிப்புதான் சம்பளம் என்றால், அந்தச் சம்பளத்தில் பாதி செல்லாத நோட்டு. அதே பல்கலைக்கழகம் 2024 டிசம்பரில் பில் பெலிசிக்கை ஆண்டுக்கு 10 மில்லியன் டாலருக்குக் காற்பந்துப் பயிற்றுவிப்பாளராக அமர்த்தியது. அன்று மாமா குதித்தார், மகிழ்ச்சியில்.

உபகாரச் சம்பளத்தில் படிக்கும் என் நண்பன் வார இறுதியில் துணைப்பாட வகுப்பு எடுக்கிறான். அவன் மாணவனே இல்லை என்று யாரும் சொன்னதில்லை.

பணம் எதையுமே கெடுக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. எந்தப் பணம் என்பதுதான் கேள்வி. 1915ல் தொடங்கிய மேற்குக் கரை லீக்கான பேக்-12, 2024ல் 12 அணிகளில் 10ஐ இழந்தது. ஸ்டான்ஃபர்ட், பசிபிக் கடலோரத்தில் இருந்துகொண்டு ‘அட்லாண்டிக் கடலோர’ லீக்கில் ஆடுகிறது. லாஸ் ஏஞ்சலிசின் யுசிஎல்ஏ சேர்ந்திருக்கும் ‘பிக் டென்’ லீக்கில் நியூஜெர்சியின் ரட்கர்சும் இருக்கிறது. இடையே சுமார் 4,000 கிலோமீட்டர், இங்கிருந்து புதுடில்லிக்குப் போவதைப்போல. காற்பந்து அணிக்கு அப்படிப்பட்ட பயணம் பருவத்தில் சில முறைதான். கைப்பந்து, சாஃப்ட்பால் ஆடும் பெண்களுக்குத்தான் அடிக்கடி விமானம், அதிலேயே வீட்டுப்பாடம். இதற்கெல்லாம் காரணம் காற்பந்து ஒளிபரப்புப் பணம். பிக் டென் 2022ல் போட்ட ஒப்பந்தம் மட்டும் ஏழு ஆண்டுகளுக்கு 7 பில்லியன் டாலருக்கு மேல். அதில் எந்த 19 வயதுப் பையனும் கையெழுத்திடவில்லை.

என்னைக் கேட்டால், காற்பந்துக்கு மட்டும் தனி லீக் வைத்துக்கொள்ளட்டும். மற்ற விளையாட்டுகள் பக்கத்து மாநிலங்களோடு, பேருந்தில் போய்வரும் தூரத்தில் நடக்கட்டும். ஆட்டக்காரர்களுக்குப் பயிற்றுவிப்பாளர்களைப் போலவே முறையான ஒப்பந்தம் கொடுக்கட்டும், இரண்டு ஆண்டுக்கோ மூன்று ஆண்டுக்கோ. ஆண்டுதோறும் அணி கலைவது அதில் ஓரளவு குறையும். சின்னப் பல்கலைக்கழகங்களால் அந்தப் பணத்தைக் கொடுக்க முடியுமா என்று மாமா கேட்டார். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. மார்ச் வரட்டும், பசியாறும்போது பேசிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.