பச்சை விளக்கு எரிந்தால் போதுமா?

வவுனியாவில் அலுவலகங்களின் கணினி வலையமைப்பைப் பார்த்துக் கொடுப்பது என் தொழில். சுவர்ப் பெட்டிகளுக்குள் பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய சுவிட்சுகளைத்தான் அதிகம் காண்கிறேன். பச்சை விளக்கு எரியும்வரை அவற்றை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. உள்ளே ஓடும் ஃபேர்ம்வெயாருக்கோ தயாரித்த நிறுவனம் திருத்தம் வெளியிடுவதை எப்போதோ நிறுத்தியிருக்கும்.

2018 மார்ச்சில் சிஸ்கோ தன் சுவிட்சுகளின் ‘ஸ்மார்ட் இன்ஸ்டோல்’ வசதியிலிருந்த ஓட்டைக்குத் திருத்தம் தந்தது. அடுத்த மாதமே ஈரானிலும் ரஷ்யாவிலும் திருத்தப்படாத சுவிட்சுகள் முடக்கப்பட்டன. 2025 ஓகஸ்டில், ரஷ்ய உளவுத்துறை அதே ஓட்டையால் இன்னமும் நுழைவதாக அமெரிக்காவின் எஃப்பிஐ எச்சரித்தது. ஏழு வருடம்!

இங்கும் நடந்ததுதான். 2023 ஓகஸ்டில் இலங்கை அரச மின்னஞ்சல் சேவையைக் கப்பம் கேட்கும் மென்பொருள் தாக்கியது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் அழிந்தன. அங்கே ஓடியது 2013ஆம் ஆண்டின் எக்ஸ்சேஞ்ச் பதிப்பு. புதுப்பிக்க நிதியில்லை என்றார்கள்.

நிதியில்லை என்பது பொய்யல்ல. ஆனால் ‘நோ விஸ்டாக்’ என்ற ஒரே கட்டளை ஸ்மார்ட் இன்ஸ்டோலை மூடிவிடும். டெல்நெட்டை நிறுத்தலாம், சுவிட்சை நிர்வகிக்கும் வழியைத் தனி வீலானுக்குள் அடைக்கலாம். இவற்றுக்கு ஒரு பின்னேர வேலை போதும், செலவு கூலி மட்டும்.

நான் பார்த்த விலைமனுக்கள் சுவிட்சின் விலையைக் கேட்கின்றன, உத்தரவாதக் காலத்தைக் கேட்கின்றன. எத்தனை வருடம் திருத்தம் வரும் என்று ஒன்றுகூடக் கேட்கவில்லை.