நொச்சி வேலி

சென்னையிலிருந்து ரயிலில் தெற்கே பிரயாணம் செய்யும் நேயர்கள், திண்டிவனம் தாண்டியதும் ஜன்னல் வழியே சற்றுப் பார்க்க வேண்டும். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி என்று விழுப்புரம் வரையில் ஏரிகள் வந்துகொண்டேயிருக்கும். ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும், ஆள் உயரத்துக்குச் சற்று மேலாக, சாம்பல் படிந்தாற்போன்ற இலைகளுடன் ஒரு புதர் தென்படும். கிளை நுனியில் நீலமும் ஊதாவும் கலந்த பூங்கொத்து இருந்தால் அது நொச்சிதான். கோடை கடுமையானால் இலையைக் கொட்டிவிட்டுக் குச்சியாய் நிற்கும்; ஒரு மழை விழுந்தால் தளிர்த்துவிடும். பூவின் மணம் மெல்லியது, தேனீக்குத்தான் அது தெரியும். இலையைக் கசக்கினால் வரும் மணமோ கை கழுவிய பிறகும் போகாது.

திண்டிவனம் என்ற பெயர் திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு என்பதன் திரிபு என்பார்கள். புகழெல்லாம் புளிக்குப் போய்விட்டது! ஆனால் அதற்கும் முந்திய சரித்திரம் நொச்சியின் பக்கம் இருக்கிறது. ஊரை ஒட்டிய கிடங்கல்தான், சிறுபாணாற்றுப்படையின் தலைவனான ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் கிடங்கில் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். கிடங்கு என்றால் அகழி. அகழியும் மதிலும் உள்ள இடத்தில் பழந்தமிழருக்கு நொச்சியே நினைவுக்கு வரும். கோட்டையைக் காக்கும் வீரன் சூடிய பூ அது. புறப்பொருள் வெண்பாமாலை, மதில் காக்கும் போருக்கே நொச்சி என்று தனித் திணை வகுத்தது. புறநானூற்றில் மோசிசாத்தனாரோ மரங்களிலெல்லாம் நொச்சியே காதலுக்குரியது என்கிறார். வளையணிந்த பெண்கள் தழையாக உடுத்துவதும் அதைத்தான், மதில் காப்பவன் தலையில் சூடுவதும் அதைத்தான்.

திண்டிவனத்துக்கு மேற்கே செஞ்சி இருக்கிறது. 1690 முதல் 1698 வரை மொகலாயப் படையை வெளியே நிறுத்தி வைத்த கோட்டை அது. அங்கே யாரும் நொச்சி சூடியதாகச் சரித்திரம் சொல்லவில்லை. எனினும் எட்டு வருஷம் மதிலைக் காத்தவர்களுக்கு அந்தப் பூவை மறுப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. 2025-இல் யுனெஸ்கோ செஞ்சியை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது.

கோட்டைகளின் காலம் போன பின் நொச்சிக்குக் கிடைத்தது வயல் வேலி உத்தியோகம். ஆடு மாடு அதை விரும்பித் தின்னாது. வேலிக்கு இதைவிடத் தகுதி என்ன வேண்டும்? வேர் கரை மண்ணைப் பிடித்து நிறுத்தும். மிலார்களைக் கொண்டு கூடையும் படலும் முடையலாம். (1753-இல் லின்னேயஸ் வைத்த பெயரில் உள்ள 'விடெக்ஸ்' என்ற சொல்லுக்கும் முடைதல் என்ற பொருளோடு உறவுண்டு, 'நெகுண்டோ' என்பது நமது நிர்க்குண்டிதான்.) காய்ந்த இலையைக் குதிரில் நெல்லோடும் பயறோடும் போட்டு வைப்பார்கள். ஜலதோஷமென்றால் நொச்சி ஆவி. மாலையில் தொழுவத்தில் நொச்சிப் புகை. அதன் எண்ணெய் கொசுவை விரட்டுவதை ஆராய்ச்சிக்கூடங்களிலும் கண்டிருக்கிறார்கள்.

இவ்வளவும் தெரிந்த ஜனங்கள்தான் இன்று வேலியைக் கெல்லி எறிந்துவிட்டு, கல்தூண் நட்டு முள்கம்பி இழுக்கிறார்கள். மனை போடுகிறவருக்கு நொச்சி வெறும் புதர். சாலை அகலமாகும்போது முதலில் போவதும் அதுவே. பிறகு சாயங்காலம் கடைக்குப் போய்க் கொசுவர்த்திச் சுருள் வாங்குகிறோம்! கம்பி வேலிக்கு வருஷந்தோறும் துரு ஏறும். நொச்சியோ வெட்ட வெட்டத் துளிர்க்கும். மல்லாட்டைக் கொல்லையின் வரப்போரத்தில் இன்னும் அதை விட்டுவைத்திருக்கும் குடியானவர்களைக் கண்டால், நிபுணர்களைவிட அவர்களிடம் எனக்கு மரியாதை அதிகம்.

வீட்டில் கொல்லைப்புறம் உள்ளவர்கள் ஐப்பசி மழையில் விரல் பருமனுள்ள முற்றிய கொம்பை முழ நீளத்துக்கு வெட்டி, கிணற்றடியில் கழிவு நீர் பாயுமிடத்தில் சாய்வாக ஊன்றினால் போதும். கணு இரண்டாவது மண்ணுக்குள் இருக்கட்டும். பெரும்பாலும் தைக்குள் தழைத்துவிடும்.