வாசலில் கேமரா, உள்ளே சாதி

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் நான் வாடகைக்கு இருக்கும் அடுக்ககத்தில் சென்ற மாதம் குடியிருப்போர் சங்கக் கூட்டம் நடந்தது. வீடியோ இண்டர்காமை மாற்ற வேண்டுமாம். மூன்று கொட்டேஷன்களை மேசையில் பரப்பி ஒப்பிட்டார்கள். ஒன்று, பழைய அனலாக் வகை. இன்னொன்று, இரண்டே கம்பிகளில் ஓடுவது. மூன்றாவது, ஒரே நெட்வொர்க் கேபிளில் மின்சாரமும் படமும் போகிற ஐபி வகை. செல்பேசியிலிருந்தே கதவைத் திறக்கலாம். லென்ஸ் எவ்வளவு அகலம் காட்டும், இரவில் முகம் தெரியுமா, மழை தாங்குமா என்று ஒரு மணி நேரம் பேசினார்கள்.

"ஆபீஸ் கட்டடங்களில் போடுவதையே நாமும் போட்டுவிடலாம்" என்றார் ஒருவர். "வேலைக்காரிகளின் வருகைப் பதிவும் அதிலேயே வந்துவிடும்" என்றார் இன்னொருவர். யாரும் முகம் சுளிக்கவில்லை.

அவர் சொன்ன வேலைக்காரிகளில் என் அத்தையும் ஒருவர். நகரத்துக்குள் ஆற்றங்கரையில் இருந்த குடிசையை இடித்து, கண்ணகி நகருக்குத் தூக்கி எறியப்பட்ட குடும்பம் அது. இன்று அவர் வேறோர் அடுக்ககத்தில் ஐந்து வீடுகளில் பாத்திரம் துலக்குகிறார். தினமும் வாசலில் கேமரா முன் முகத்தைக் காட்ட வேண்டும். அந்த வாயில் செயலியில் வேலை செய்பவர்களுக்கு நட்சத்திர மதிப்பெண் உண்டு. ஒரு வீட்டில் சம்பளப் பாக்கியைக் கேட்டார். மதிப்பெண் இறங்கியது. அந்த மாதமே இன்னும் இரண்டு வீடுகள் "இனி வர வேண்டாம்" என்றன. தன் பெயருக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்பதை அத்தை இன்றுவரை பார்த்ததில்லை.

எனவே நானும் ஒப்பிடுகிறேன். வணிகக் கட்டடத்தில் வருகிறவர் மணியை அழுத்துகிறார், வரவேற்பில் இருப்பவர் பதில் சொல்கிறார், ஒரு பாஸ் தருகிறார், வேலை முடிந்தது. அங்கே மேலாளரும் கழுத்தில் அட்டை மாட்டுகிறார். அவர் வந்துபோன நேரமும் பதிவாகிறது. அலுவலகங்களில் சாதி ஒழிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. கழிவறை சுத்தம் செய்பவர் எந்த லிப்டில் ஏறுகிறார் என்று பாருங்கள், தெரியும். ஆனாலும் அங்கே பெயருக்காவது எல்லோருக்கும் ஒரு விதி இருக்கிறது.

குடியிருப்பில் அந்த ஒப்பனையும் இல்லை. வீட்டுக்காரரின் காரில் ஒட்டிய ஸ்டிக்கரைக் கண்டதும் கேட் திறக்கிறது. பதிவு செய்யப்படுவது துலக்குகிறவர், துடைக்கிறவர், குப்பை எடுக்கிறவர், சாப்பாடு கொண்டுவருகிறவர். கருவியின் அமைப்பே பெரும்பாலும் அப்படித்தான்: பேச்சு இருபக்கமும் போகும், படம் ஒரு பக்கம் மட்டுமே போகும். உள்ளே இருப்பவர் வெளியே நிற்பவரைப் பார்க்கலாம். வெளியே நிற்பவர் உள்ளே இருப்பவரைப் பார்க்க முடியாது. எட்டி நின்று குரல் கொடுக்கச் சொன்ன பழைய தெருவுக்கும் இதற்கும் இடையே கூடியிருப்பது ஒரு திரைதான்.

தனியாக இருக்கும் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் பாதுகாப்பு வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். கதவைத் திறக்கும் முன் யார் என்று பார்ப்பதை நான் எதிர்க்கவில்லை. பத்து ஆண்டுகளாக அதே வீட்டில் வேலை செய்யும் பெண்ணின் முகத்தைத் தினமும் படமெடுப்பதும், அவருக்குத் தெரியாமல் மதிப்பெண் போடுவதும் எந்தத் திருடனைத் தடுக்கின்றன?

வாசற்பதிவேடு நமக்குப் புதிதல்ல. 1917இல் பரோடா அரசுப் பணிக்குச் சென்ற அண்ணல் அம்பேத்கருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. ஒரு பார்சி விடுதியின் பதிவேட்டில் பார்சிப் பெயரை எழுதித்தான் தங்கினார். உண்மை தெரிந்ததும் தடிகளோடு வந்து வெளியேற்றினார்கள். அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு கடை, உணவகம், விடுதி ஆகியவற்றின் வாசலைச் சாதியின் பேரால் அடைக்கக் கூடாது என்கிறது. குடியிருப்பின் கேட் அந்தப் பட்டியலில் இல்லை. 2005இல் அகமதாபாத் வீட்டுவசதிச் சங்கம் ஒன்று பார்சிகளை மட்டுமே உறுப்பினராக்கும் விதியை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் தீண்டாமையை ஒழித்த 17ஆவது பிரிவு எந்தக் கேட்டோடும் நின்றுவிடுவதில்லை.

கூட்டத்தில் நான் கேட்டவை ஐந்துதான். தினமும் வருகிற தொழிலாளர்களுக்கு வீட்டுக்காரர்களைப் போலவே நிரந்தர அட்டை கொடுங்கள். தினசரிப் படம் வேண்டாம். மதிப்பெண் முறையை அணைத்து வையுங்கள். பதிவுகளை எத்தனை நாளில் அழிப்பீர்கள் என்று தமிழில் எழுதி வாசலில் ஒட்டுங்கள். ஒப்புதலையும் அழிக்கக் கேட்கும் உரிமையையும் 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமே பேசுகிறது. தன்னைப் பற்றிய பதிவை அந்தத் தொழிலாளி கேட்டால் காட்டுங்கள். இவற்றில் எதற்கும் கூடுதல் கம்பி தேவையில்லை.

"வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஓட்டு இல்லை" என்றார் செயலாளர். ஐபி வகைக்கே முடிவானது.

இதைப் படிக்கும் தோழர்களில் சொந்த வீடும் ஓட்டும் உள்ளவர்கள் இருப்பீர்கள். உங்கள் சங்கத்திலும் கொட்டேஷன் வரும். லென்ஸைப் பற்றிக் கேட்கும் முன் இந்த ஐந்தையும் கேளுங்கள். அத்தையால் அந்தக் கூட்டத்துக்குள் வர முடியாது.