இடம் சொல்லும் பெட்டி – யாருக்குச் சொல்கிறது?

குமரி மாவட்டத்தில் இருந்து ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகுகளில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. சுக்கான் பிடிப்பவரின் கண் எதிரே அதைப் பொருத்தி இருப்பார்கள். அதற்குப் பெயர் ஜி.பி.எஸ்.

நாலு பக்கமும் தண்ணீரைத் தவிர வேறு ஒன்றும் தெரியாத நடுக்கடலில், "நீ இங்கேதான் இருக்கிறாய்" என்று அந்தப் பெட்டி சொல்லும். ஊர் எந்தத் திசையில், எத்தனை மைலில் இருக்கிறது என்றும் சொல்லும்.

இவ்வளவு கெட்டிக்காரப் பெட்டி இருந்தும், 2017–ம் ஆண்டு நவம்பர் கடைசியில் வீசிய ஒகி புயலில் குமரி மாவட்டத்து மீனவர்கள் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கடலோடு போனார்கள். பலருடைய உடல்கூட வீடு வந்து சேரவில்லை.

ஏன்?

பெட்டியின் மேல் குற்றம் இல்லை. அதனால் ஆகக்கூடிய வேலை எது, ஆகாத வேலை எது என்பதுதான் விஷயம்.

காது உண்டு, வாய் இல்லை

பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோ மீட்டர் உயரத்தில் அமெரிக்காவின் செயற்கைக் கோள்கள் சுற்றி வருகின்றன. குறைந்தது 24 கோள்கள். ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் இருக்கிறது. "இப்போது மணி இவ்வளவு. நான் இருக்கும் இடம் இது" என்று அவை ரேடியோ அலையில் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கின்றன.

அந்த அலை கீழே வந்து சேர ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம்கூட ஆகாது. அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் பெட்டி அளக்கிறது. எந்தக் கோளிடம் இருந்து எவ்வளவு நேரத்தில் அலை வந்தது என்று தெரிந்தால், அந்தக் கோள் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். இப்படி நாலு கோள்களின் தொலைவு கிடைத்தால் போதும். படகு எங்கே நிற்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். சில மீட்டர்தான் முன்னே பின்னே இருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பெட்டியில் இருந்து மேலே எதுவும் போவதில்லை. நாகர்கோவில் வானொலியை எந்த வீட்டில் யார் கேட்கிறார்கள் என்று வானொலி நிலையத்துக்குத் தெரியுமா? தெரியாது. அது போலத்தான் இதுவும். படகு இருக்கும் இடம் படகில் உள்ளவர்களுக்கு மட்டுமே தெரியும். கரையில் இருக்கும் மனைவிக்கோ, அதிகாரிக்கோ, தேடிப் போகும் விமானத்துக்கோ தெரியாது.

செல்போனிலும் இதே கருவி உண்டு. டவர் கிடைக்காத இடத்தில் அது வேலை செய்யாது என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. டவர் இல்லாவிட்டாலும் போன் இடத்தைக் காட்டும். வரைபடத்தை மட்டும் கரையிலேயே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த இடத்தை வேறு யாருக்காவது சொல்ல வேண்டுமானால் டவர் வேண்டும். நடுக்கடலில் டவர் ஏது?

ராணுவக் கருவி ஊருக்கு வந்தது

இது முதலில் மீனவருக்காகச் செய்த கருவி அல்ல. அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்தது. முதல் கோள் 1978–ல் போயிற்று. 1983–ல் வழி தவறிய கொரியப் பயணிகள் விமானம் ஒன்றை ரஷ்யப் போர் விமானம் சுட்டு வீழ்த்தியது. அதன் பிறகுதான், இந்த வசதி பொதுமக்களுக்கும் கிடைக்கும் என்று அமெரிக்க ஜனாதிபதி ரீகன் அறிவித்தார். அப்போதும் பொதுமக்களுக்குக் கலப்படச் சரக்குதான்! வேண்டுமென்றே பிழை சேர்த்துக் கொடுத்தார்கள். 2000–ம் ஆண்டு மே மாதம் அந்தப் பிழையை நீக்கினார்கள்.

அதற்கு முன் குமரிக் கடற்கரைக்காரர்கள் வழி தெரியாமல் தவித்தார்களா? இல்லை. கரையில் ஒரு மலையையும் ஒரு கோவில் கோபுரத்தையும் நேர்கோட்டில் பார்ப்பார்கள். இன்னொரு பக்கம் வேறு இரண்டு அடையாளங்கள். இரண்டு கோடுகளும் சந்திக்கும் இடத்தில் படகு நிற்கிறது. கீழே மீன் அடையும் பார் இருக்கிறது என்று வலையை இறக்குவார்கள். இதைக் கணியம் பார்ப்பது என்பார்கள். மருந்துவாழ்மலையும் மாதா கோவில் கோபுரங்களும் வெறும் காட்சிப் பொருள்கள் அல்ல; கடல்காரனுக்கு அவைதான் வரைபடம்.

மணக்குடிக் காயலில் வள்ளம் தள்ளுகிறவருக்கு இன்றும் எந்தப் பெட்டியும் வேண்டாம். இரண்டு கரையும் கண்ணுக்குத் தெரிகின்றன. ஆனால் மலை மறைந்த பிறகு? இரவில் நட்சத்திரம் உண்டு. மேகம் மூடினால் அதுவும் இல்லை.

தூத்தூர் வட்டாரத்து மீனவர்களின் தொழில் மலை மறைந்த பிறகுதான் தொடங்குகிறது. நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை ஆகிய எட்டு ஊர்களும் சுறாவும் சூரையும் பிடிப்பதில் பெயர் பெற்றவை. தேங்காய்ப்பட்டணத்தில் இருந்தும் கொச்சியில் இருந்தும் புறப்படுவார்கள். வாரக்கணக்கில் கடலிலேயே இருப்பார்கள். லட்சத்தீவைத் தாண்டுவார்கள். இவர்களில் சிலர், கன்னியாகுமரியில் இருந்து சுமார் 1,800 கிலோ மீட்டர் தொலைவில் உள்ள டீகோ கார்சியா பக்கம் போய் பிரிட்டிஷ் அதிகாரிகளிடம் பிடிபட்டதும் உண்டு.

ஒகி காட்டிய உண்மை

2017 நவம்பர் 29–ந் தேதி இலங்கைக்கு அருகே காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானது. மறுநாள் காலையில் அது புயலாகிவிட்டது. குமரிக்குத் தெற்கே கடந்து அரபிக் கடலில் புகுந்தது. எல்லாம் ஒரே நாளில்!

கடலுக்குப் போக வேண்டாம் என்று கரையில் எச்சரிக்கை செய்யலாம். ஏற்கனவே பல நாட்களுக்கு முன்பு போய்விட்டவர்களுக்கு எப்படிச் சொல்வது? படகுகளில் வி.எச்.எப். வயர்லெஸ் இருந்தது. அது பத்து, இருபது கடல் மைலுக்குத்தான் எட்டும். ஒரு படகில் இருந்து இன்னொரு படகுக்கு என்று செய்தியைக் கை மாற்றிக் கொடுத்தாலும், சங்கிலி ஓர் இடத்தில் அறுந்தால் அவ்வளவுதான்.

கரைக்கு வந்தது வெறும் காத்திருப்பு. டிசம்பர் 7–ந் தேதி மக்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்டது, "எங்கள் ஆட்களைத் தேடுங்கள்" என்பதுதான்.

எங்கே தேடுவது? ஒரு சின்னக் கணக்கு. கடைசியாகத் தெரிந்த இடத்தில் இருந்து நாலு பக்கமும் 60 கடல் மைலுக்குள் படகு இருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். அந்த வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 38,700 சதுர கிலோ மீட்டர். குமரி மாவட்டம் முழுவதும் சேர்ந்து 1,672 சதுர கிலோ மீட்டர்தான். இருபத்து மூன்று குமரி மாவட்டங்களுக்குள் ஒரு படகைத் தேட வேண்டும்! அதுவும் படகு நின்ற இடத்தில் நிற்காது. மணிக்கு இரண்டு மைல் வேகத்தில் நீவாடு இழுத்தால், ஒரு நாளில் 48 கடல் மைல் போய்விடும்.

தப்பியவர்களில் பலர் லட்சத்தீவிலும் மராட்டிய மாநிலத் துறைமுகங்களிலும் கரை ஏறினார்கள். அவர்கள் உயிரோடு இருக்கும் செய்தி வீட்டுக்கு எட்டும் வரை வீட்டில் எப்படி இருந்திருப்பார்கள் என்று சொல்லத் தேவை இல்லை.

வாய் உள்ள பெட்டி

ஒகிக்குப் பிறகு அரசாங்கம் விழித்துக்கொண்டது. அப்போதே நம் நாட்டுக்குச் சொந்தமாக ஒரு கோள் கூட்டம் இருந்தது. இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் 2013–ல் தொடங்கி ஏவியது. 2016–ல் அதற்கு நாவிக் என்று பெயர் வைத்தார்கள். இந்திய எல்லையைச் சுற்றி 1,500 கிலோ மீட்டர் வரை பயன் தரும் என்பது திட்டம். இதன் மூலம் புயல் எச்சரிக்கையைப் படகுக்கே அனுப்பும் கருவிகள் கொடுக்கப்பட்டன. 2019 அக்டோபரில் ஜெமினி என்ற இன்னொரு கருவி வந்தது. ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையத்தின் எச்சரிக்கையை வாங்கி, மீனவரின் செல்போனில் காட்டும்.

நல்ல காரியம். ஆனால் இவையும் காதுகள்தான். "புயல் வருகிறது" என்று படகுக்குத் தெரியும். "நாங்கள் கவிழ்கிறோம்" என்று படகு சொல்ல முடியாது.

அந்தக் குறையைத் தீர்க்கத்தான் டிரான்ஸ்பாண்டர் வந்திருக்கிறது. 2024 ஆகஸ்டு 30–ந் தேதி மராட்டிய மாநிலம் பால்கரில் பிரதமர் இந்தத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். சுமார் 360 கோடி ரூபாய் செலவில் ஒரு லட்சம் படகுகளுக்கு இலவசமாகப் பொருத்துவது திட்டம். இது கேட்கவும் செய்யும், பேசவும் செய்யும். ஆபத்து என்றால் பொத்தானை அழுத்தலாம். படகின் இடம் கரைக்குத் தெரியும். சிறு சிறு செய்திகள் போய் வரும்.

கடலோரக் காவல் படைக்கு ஆபத்துச் செய்தி அனுப்பும் தனிக் கருவி ஒன்றும் 2010 முதல் இருக்கிறது. பழைய கருவியில் ஒரு குறை. பொத்தானை அழுத்தியவருக்கு, செய்தி போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று தெரியாது. தத்தளிக்கும் மனிதனுக்கு அது எவ்வளவு பெரிய குறை! 2024–ல் வந்த புதிய கருவியில் பதில் வருகிறது.

டிரான்ஸ்பாண்டர் வந்தால் மீனவருக்கு ஒரு தயக்கம் எழுவது இயல்பு. நல்ல பார் இருக்கும் இடத்தின் எண்ணை எந்தப் படகோட்டியும் லேசில் வெளியே விடமாட்டார். அது அவர் சொத்து. "நாம் போகும் இடம் எல்லாம் கரையில் தெரிந்துவிடுமே, எல்லை தாண்டினால் வழக்கு வருமே" என்ற கேள்வி நியாயமானது. அந்தத் தகவல் யார் கைக்குப் போகும், எதற்குப் பயன்படும் என்று அதிகாரிகள் துறைமுகத்துக்கே வந்து விளக்க வேண்டும். விளக்காவிட்டால் கருவி படகில் இருக்கும், சுவிட்ச் அணைந்திருக்கும்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. நாவிக் கோள்கள் சிலவற்றில் அணுக் கடிகாரங்கள் பழுதாகிவிட்டன. 2025 ஜனவரியில் ஏவிய என்.வி.எஸ்.–02 என்ற புதிய கோள் உரிய பாதையை அடையவில்லை. ஆகவே இடம் காட்டும் கருவி வாங்குகிறவர்கள் ஜி.பி.எஸ்., நாவிக் இரண்டையும் கேட்கும் கருவியாகப் பார்த்து வாங்குவதே புத்திசாலித்தனம்.

வாங்கும்போது

விலையை மட்டும் பார்த்து வாங்கினால் கடல் சிரிக்கும். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே நீர் புகாத கருவிக்கு ஐ.பி.எக்ஸ்.7 என்று குறி போட்டிருக்கும். அந்தக் குறி அவசியம். உச்சி வெயிலில் திரை தெரிகிறதா என்று கடைக்கு வெளியே கொண்டு வந்து பார்க்க வேண்டும். கடைக்குள் எல்லாத் திரையும் பளிச்சென்றுதான் இருக்கும்! கம்பி வழியாக மின்சாரம் வாங்கும் பெட்டி ஒன்று இருந்தாலும், பேட்டரியில் ஓடும் கைக்கருவி ஒன்றும் தேவை. என்ஜின் அறையில் தண்ணீர் புகுந்தால் முதலில் போவது மின்சாரம்.

'ஆள் விழுந்தார்' என்பதற்கு ஒரு பொத்தான் பல கருவிகளில் உண்டு. ஒருவர் தண்ணீரில் விழுந்தவுடன் அதை அழுத்தினால் அந்த இடம் பதிவாகிவிடும். படகு திரும்பி வர வழி காட்டும். அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று படகோட்டிக்கு மட்டும் தெரிந்தால் போதாது. விழுகிறவர் அவராகவே இருக்கலாமே!

எண்ணைச் சொல்லும் விதத்திலும் ஆபத்து இருக்கிறது. ஒரு டிகிரிக்கு 60 நிமிடம். வடக்கு தெற்காக ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். சில கருவிகள் 8.50 டிகிரி என்று காட்டும். அதற்குப் பொருள் எட்டரை டிகிரி, அதாவது 8 டிகிரி 30 நிமிடம். வயர்லெசில் கேட்பவர் 8 டிகிரி 50 நிமிடம் என்று எழுதிக்கொண்டால் 20 கடல் மைல் தவறிப்போகும். ஏறக்குறைய 37 கிலோ மீட்டர்! உதவிப் படகு வெறும் தண்ணீருக்குப் போய்ச் சேரும். சேர்ந்து தொழில் செய்யும் படகுகள் எல்லாம் ஒரே முறையில் கருவியை வைத்துக்கொள்வது நல்லது.

தன் இடம் தனக்குத் தெரிந்தால் போதாது, எதிரே வரும் கப்பலுக்கும் தெரிய வேண்டும். 2018 ஆகஸ்டு 7–ந் தேதி கேரளக் கடலில் 'ஓஷியானிக்' என்ற மீன்பிடி படகின் மீது கப்பல் மோதியது. அதில் குமரி மாவட்டத்து மீனவர்கள் பலர் இருந்தார்கள். படகின் இடத்தைக் கப்பலுக்குச் சொல்லும் ஏ.ஐ.எஸ். என்ற கருவி வேறு. அது பெரிய படகுகளுக்குத்தான் கட்டாயம். கட்டாயம் இல்லாத படகும் வைத்துக்கொள்ளத் தடை இல்லை.

வீட்டில் இருப்பவர்களுக்கு

படகின் பெயர், பதிவு எண், உடன் போகிறவர்களின் பெயர்கள், புறப்பட்ட நாள், எந்தப் பக்கம் போகிறார்கள் என்ற விவரம் எல்லாம் வீட்டில் ஒரு தாளில் இருக்க வேண்டும். கடைசியாகப் பேசியபோது சொன்ன இடத்தையும் நேரத்தையும் அதன் கீழே எழுதிக்கொண்டே வரலாம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையே எழுதிவிடும். கடலோரக் காவல் படையை அழைக்க எண் 1554. அங்கே எடுத்த எடுப்பில் கேட்கப்போவதும் இந்த விவரங்களைத்தான்.